திறையா, வணிகமா? மிங் காலச் சீன – மங்கோலிய உறவுகள் குறித்த ஹென்றி செரூய்ஸின் ஆய்வுகள்

1. முன்னுரை

திறை என்னும் சொல்லுக்குத் தமிழில் தெளிவான பொருள் உண்டு. தோற்ற மன்னனோ அடங்கிய குறுநிலத் தலைவனோ வேந்தனுக்குச் செலுத்தும் பொருளே திறை. சங்க காலந் தொட்டே இச்சொல் இப்பொருளில் வழங்கி வருகிறது. சீன அரசவை ஏடுகளில் 'கோங்' என்றொரு சொல் அடிக்கடி இடம்பெறுகின்றது. அயல்நாட்டுத் தூதர்கள் பேரரசரிடம் கொணர்ந்த பொருள்களை அச்சொல் குறிக்கும். அதனையும் நாம் திறை என்றே மொழிபெயர்த்து வருகிறோம். இம்மொழிபெயர்ப்பு பொருந்துமா என்னும் வினா வெறும் சொல்லாய்வு சார்ந்ததன்று. ஒரு சொல்லை ஏற்கும்போது, அச்சொல்லை எழுதியவரின் பார்வையையும் நாம் அறியாமலே ஏற்றுக்கொள்கிறோம்.

இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியில் மிகுந்த பயன் தருபவை பெல்ஜிய நாட்டு அறிஞர் ஹென்றி செரூய்ஸ் (1911–1983) நிகழ்த்திய ஆய்வுகளாகும். மிங் அரசு (1368–1644) நிலவிய காலத்தில் சீனரும் மங்கோலியரும் கொண்டிருந்த உறவுகளை ஆராய்வதில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவ்வாய்வுகளின் போக்கையும் முடிவுகளையும் விளக்குவதும், அவற்றிலிருந்து தமிழ் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் பெறக்கூடிய பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. ஆய்வாளரும் ஆய்வு முறையும்

செரூய்ஸ் ஒரு கத்தோலிக்கத் துறவி. ஷூட் சபை என அறியப்படும் பெல்ஜிய மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவர். அச்சபையினர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து உள் மங்கோலியாவில் பணியாற்றி வந்தனர். ஓர்தோஸ் பகுதியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து, அம்மக்களின் பேச்சுமொழிக்கும் வாய்மொழி இலக்கியத்துக்கும் அரிய தொண்டாற்றிய அந்துவான் மோஸ்தார்த் (1881–1971) அச்சபையினரே. செரூய்ஸ் அவரிடம் மங்கோலிய மொழி பயின்றார். செரூய்ஸின் உடன்பிறந்தவரான பால் செரூய்ஸும் அதே சபையில் சேர்ந்து, பழஞ்சீன மொழியாய்வில் புகழ்பெற்றார். சீனாவை விட்டு வெளியேறிய பின்னர், ஹென்றி செரூய்ஸ் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய முதன்மைப் படைப்பு 'மிங் காலச் சீன–மங்கோலிய உறவுகள்' என்னும் மூன்று பகுதிகளைக் கொண்ட நூலாகும். முதற்பகுதி (1959) ஹோங்வூ பேரரசர் காலத்தில் (1368–1398) சீனாவிலேயே தங்கிவிட்ட மங்கோலியரைப் பற்றியது. இரண்டாம் பகுதி (1967) 1400 முதல் 1600 வரையிலான திறை முறையையும் தூதுக் குழுக்களையும் ஆராய்கின்றது. மூன்றாம் பகுதி (1975) அதே காலத்துக் குதிரைச் சந்தைகளை ஆராய்கின்றது. மக்கள், தூது, வணிகம் என்னும் இவ்வரிசை தற்செயலானதன்று. உறவின் புறத்தோற்றத்திலிருந்து அதன் அடித்தளத்தை நோக்கி அவர் படிப்படியாகச் சென்றுள்ளார்.

அவருக்கு முதன்மைச் சான்றாக அமைந்தவை மிங் அரசின் 'மெய்ப்பதிவேடுகள்'. ஒவ்வொரு பேரரசரின் ஆட்சியையும் நாள்வாரியாகப் பதிவு செய்யும் இவ்வேடுகளில், எந்த நாளில் எந்தத் தலைவரின் தூதர் வந்தார், எத்தனை குதிரைகள் கொணர்ந்தார், அவருக்கு என்ன வழங்கப்பட்டது என்னும் செய்திகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. தனித்தனியே நோக்கினால் இவை சுவையற்ற சிறு குறிப்புகளே. செரூய்ஸ் அவற்றைப் பொறுமையுடன் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றுள் பொதிந்திருந்த ஒழுங்கைக் கண்டறிந்தார்.

இப்பணியில் பெரும் இடர்ப்பாடாக இருந்தவை பெயர்கள். சீன எழுத்து ஒலியன் எழுத்தன்று. எனவே, மங்கோலியப் பெயர்கள் சீன எழுத்துகளில் உருமாறிவிடுகின்றன. ஒருவரே இரண்டு பெயர்களில் தோன்றுவதும் உண்டு. கோகெ தெமூர் என்னும் யுவான் படைத்தலைவர் வாங் பாவ்பாவ் எனவும் குறிக்கப்படுகிறார். சீன எழுத்துகளுக்குப் பின்னால் மறைந்துள்ள மங்கோலிய வடிவத்தை மீட்டெடுக்க இருமொழிப் புலமை இன்றியமையாதது. பிறமொழி ஏடுகளில் திரிந்து கிடக்கும் தமிழ்ப் பெயர்களை அடையாளங்காண முயன்ற எவரும் இப்பணியின் அருமையை உணர்வர்.

3. சீனாவில் தங்கிய மங்கோலியர்

1368இல் மிங் படைகள் இன்றைய பெய்ஜிங் நகரை நெருங்கியபோது, யுவான் அரசின் இறுதிப் பேரரசர் தோகோன் தெமூர் வடக்கு நோக்கிச் சென்றார். இந்நிகழ்வைப் 'மங்கோலியர் வெளியேற்றம்' எனப் பாடநூல்கள் பலவும் குறிப்பிடுகின்றன. வெளியேறியது அரசவையும் அதனைச் சார்ந்த படையின் ஒரு பகுதியும் மட்டுமே என்பதைச் செரூய்ஸ் நிறுவினார். தலைமுறை தலைமுறையாகச் சீன மண்ணில் வாழ்ந்த மங்கோலியர் பலர் அங்கேயே தங்கினர். சரணடைந்த வீரர்கள் மிங் காவற்படைப் பிரிவுகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இவர்கள்பால் புதிய அரசு கொண்ட நிலைப்பாடு ஒரே சீரானதாக இல்லை. ஹோங்வூ பேரரசர் 1368இலேயே மங்கோலிய உடை, முடியலங்காரம், மொழி, பெயர் ஆகியவற்றுக்குத் தடை விதித்தார். ஆனால் 1370இல், மங்கோலியர் தங்கள் குலப்பெயர்களைச் சீனப் பெயர்களாக மாற்றிக்கொள்ளக் கூடாதென்றும் ஆணையிடப்பட்டது. மங்கோலியர் தம்முள்ளே மணம் புரியாமல், இருவர் இசைவுடன் சீனரையே மணக்க வேண்டும் என மிங் சட்டத்தொகுப்பு விதித்தது. கலந்துவிட வேண்டும் என்னும் விருப்பமும், கலந்தால் அடையாளம் அழிந்துவிடுமே என்னும் கவலையும் ஒரே அரசின் ஆணைகளில் அருகருகே நிற்கின்றன.

மேலும், தோற்கடித்த அரசை மிங் அரசு முற்றாக மறுக்கவில்லை. யுவான் வரலாற்றை 1369இல் தொகுக்கத் தொடங்கி, 1370இல் நிறைவுசெய்தது. 1389இல் சீன–மங்கோலியச் சொற்றொகுதி ஒன்று வெளியிடப்பட்டது. அதனைத் தொகுத்தவர் மிங் அரசில் பணியாற்றிய மங்கோலியர் ஒருவரே. எதிரியின் மொழியைத் தடைசெய்த அரசே, அம்மொழியறிந்தோரைப் பேணவும் நேர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

மிங் அரசில் உயர்நிலை எய்திய மங்கோலியர் குறித்தும் செரூய்ஸ் தனிக் கட்டுரைகள் எழுதினார். அவர்களுள் ஒரு குடும்பத்தின் வரலாறு மனத்தைத் தொடுவதாகும். 1405இல் பாது தெமூர் என்னும் மங்கோலியத் தலைவர் தம் மக்களுடன் மிங் அரசிடம் வந்து சேர்ந்தார். யோங்லே பேரரசர் அவருக்கு வூ யுன்செங் என்னும் சீனப் பெயரை வழங்கினார். அவர் பேரரசருடன் போர் மேற்சென்றிருந்த வேளையில், அவருடைய ஆள்கள் சிலர் கிளர்ச்சி செய்ய முற்பட்டனர். அவருடைய மனைவியும் மகனும் அச்சதியை முறியடித்தனர். பின்னாளில் அவருக்குப் பிரபுப் பட்டமும் வழங்கப்பட்டது. 1449இல் ஒய்ராத் மங்கோலியர் படையெடுத்து வந்தபோது, மிங் படையின் பின்புறத்தைக் காத்து நின்று உயிர்துறந்தோருள் அவருடைய மகன் வூ கெசோங்கும் ஒருவர். மங்கோலியரை எதிர்த்துச் சீனப் பேரரசருக்காக மாண்டவர் ஒரு மங்கோலியர். 'சீனருக்கும் மங்கோலியருக்கும் நடந்த போர்' என்னும் எளிய தொடர் இவரை எந்தப் பக்கத்தில் வைக்கும்?

4. திறைத் தூதும் அதன் நடைமுறையும்

மங்கோலியத் தலைவர்கள் தூதர் வழியே குதிரைகளையும் விலங்குத் தோல்களையும் மிங் அரசவைக்கு அனுப்பினர். அரசவை ஏடுகள் இதனைப் பணிவின் அடையாளமாகவே பதிவு செய்துள்ளன. ஆனால், அதே ஏடுகளின் அடுத்தடுத்த வரிகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. கொணர்ந்த குதிரைகளுக்கு ஈடாகப் பட்டும் துணியும் வழங்கப்பட்டன. அனுப்பிய தலைவருக்கும் அவர் மனைவியருக்கும் தனித்தனியே பரிசுகள் சென்றன. தூதர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தகுதிக்கேற்ப ஆடைகள் வழங்கப்பட்டன. தலைநகரில் தங்கியிருந்த காலத்தில் உணவும் உறைவிடமும் அரசின் செலவே. இவையனைத்தும் முடிந்தபின், தூதர் விடுதியில் மூன்று அல்லது ஐந்து நாள்களுக்குச் சந்தை திறக்கப்பட்டு, அவர்கள் தாமே கொணர்ந்த பொருள்களை விற்கவும் வேண்டியவற்றை வாங்கவும் இசைவு தரப்பட்டது.

இங்குப் பொருள் ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. கொடுப்பவர் வறியவராவதும் பெறுபவர் செல்வராவதும் திறையின் இயல்பு. இம்முறையிலோ, பெறுபவரே பெரும் பொருள் செலவிட்டார். இதனால்தான் தூதுக் குழுவின் எண்ணிக்கையைக் கூட்ட மங்கோலியர் விரும்பினர். குறைக்க மிங் அதிகாரிகள் முயன்றனர். வணங்க வருவோர் மிகுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சுமாயின், வருகையின் நோக்கம் வணக்கம் மட்டுமன்று என்பது தெளிவு.

இம்முரண்பாட்டின் விளைவை 1449ஆம் ஆண்டு காட்டியது. ஒய்ராத் தலைவர் எசென் அனுப்பிய குழுக்கள் ஈராயிரம் பேரையும் தாண்டிப் பெருகியிருந்தன. இறுதியாக வந்த குழு, உண்மையான எண்ணிக்கையைவிட மிகுதியான எண்ணிக்கையைக் காட்டிப் பரிசு கோரியது. அரசவை வந்தவர்களுக்கு மட்டுமே வழங்கியதோடு, குதிரைகளுக்குரிய விலையையும் குறைத்தது. எசென் படையெடுத்தார். தூமு என்னுமிடத்தில் மிங் படை அழிந்தது. செங்தோங் பேரரசரே சிறைப்பட்டு, மறு ஆண்டிலேயே விடுவிக்கப்பட்டார். போருக்குக் காரணங்கள் பல இருந்தன. எனினும், பரிசுக் கணக்கில் எழுந்த பிணக்கு அவற்றுள் முதன்மையான ஒன்றாக அமைந்தது என்பதைப் பதிவேடுகள் உணர்த்துகின்றன.

5. குதிரைச் சந்தைகள்

நூலின் மூன்றாம் பகுதியே இவ்வாய்வின் உச்சம் எனலாம். மிங் அரசுக்குப் படைக்குதிரைகள் தேவைப்பட்டன. வேளாண் நிலம் செறிந்த சீனாவில் அவற்றைப் போதிய அளவில் வளர்க்க இயலவில்லை. மேய்ச்சல் நில மக்களுக்குத் துணி, தானியம், சமையற்கலம் முதலியவை தேவைப்பட்டன. இருவரின் தேவையும் ஒன்றையொன்று நிறைவு செய்யக்கூடியது.

யோங்லே பேரரசர் காலத்திலேயே லியாவ்தோங் பகுதியில் குதிரைச் சந்தைகள் தொடங்கப்பட்டன. 1405இல் விதிக்கப்பட்ட விலைப்பட்டியலில் குதிரைகள் ஐந்து தரங்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. முதல் தரக் குதிரைக்குப் பட்டு 8 சுருளும் பருத்தித் துணி 12 சுருளும் வழங்கப்பட்டன. குட்டிக்குப் பட்டு 1 சுருளும் துணி 3 சுருளும் கிடைத்தன. இவ்வளவு நுணுக்கமாக விலை வகுக்கப்பட்ட கொடுக்கல் வாங்கலைத் திறை என்று கூறுவது அரிது.

ஆயினும், இச்சந்தைகள் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் நிலைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு மங்கோலியரின் தூதுகளும் நின்றுபோயின. அதன்பின் வந்த எழுபதாண்டுக் காலத்தின் பெரும்பகுதி, எல்லைப்புறத்தில் சூறையாடலும் பதிலடியுமாகவே கழிந்தது.

6. 1571ஆம் ஆண்டு உடன்பாடு

இக்காலத்தின் நடுநாயகமாக விளங்குபவர் தூமெத் மங்கோலியரின் தலைவர் அல்தான் கான் (1507–1582). அவர் 1541இல் தூதரை அனுப்பி வணிக உறவை வேண்டினார். ஜியாஜிங் பேரரசரின் அரசவை மறுத்தது. 1542இல் மீண்டும் வந்த தூதரை எல்லை அதிகாரிகள் கொன்றனர். 1550இல் அல்தானின் படை பெய்ஜிங் மதில்வரை வந்தது. 1551இல் சந்தைகள் திறக்கப்பட்டன, 1552இல் மூடப்பட்டன. தாக்குதல்கள் மீண்டும் தொடர்ந்தன.

1570இல் எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. குடும்பப் பூசல் காரணமாக, அல்தானின் பேரர் தய்சிங் எஜெய் சிலருடன் வந்து தாதோங் எல்லையில் மிங் அரசிடம் அடைக்கலம் புகுந்தார். எல்லைப் பெருந்தலைவர் வாங் சோங்கு இதனை நல்வாய்ப்பாகக் கண்டார். பேரரைப் பணயமாக வைத்துப் பழிதீர்ப்பதைவிட, நன்மதிப்புடன் நடத்தி உடன்பாடு காண்பதே அறிவுடைமை என வாதிட்டார். அரசவையில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. அமைச்சர்கள் காவ் கோங், ஜாங் ஜூசெங் ஆகியோர் அவரை ஆதரித்தனர். இளைஞர் திருப்பியனுப்பப்பட்டார், அதற்கு ஈடாக, மங்கோலியரிடம் தஞ்சம் புகுந்திருந்த ஜாவ் சுவான் முதலிய சீனர்கள் ஒப்படைக்கப்பட்டு மரண தண்டனை பெற்றனர். 1571இல் அல்தானுக்கு 'ஷுன்யீ வாங்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 'பணிவும் நேர்மையும் உடைய மன்னர்' என்பது அதன் பொருள். இவ்வுடன்பாடு தொடர்பான நான்கு ஆவணங்களைச் செரூய்ஸ் 1960இல் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்.

உடன்பாட்டின் உயிர்நாடி சந்தைகளே. 1571இல் தாதோங் எல்லையின் தெஷெங் கோட்டைச் சந்தையில் அரசு 1,370 குதிரைகளை 10,545 வெள்ளி லியாங் விலைக்கு வாங்கியது. அதே சந்தையில் தனியார் கைமாற்றிய குதிரை, கோவேறு கழுதை, மாடு, ஆடு ஆகியவற்றின் எண்ணிக்கை 6,000. அரசின் கொள்முதலைவிட எளிய மக்களின் பண்டமாற்றே பன்மடங்கு பெரிது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. குதிரை விற்கும் அளவுக்கு வசதியற்ற மங்கோலியரும் இரண்டொரு ஆட்டுடன் வந்து துணி பெற்றுச் செல்ல முடிந்தது.

இரும்புப் பானை பற்றிய விவாதம் இங்குச் சுட்டத்தக்கது. மங்கோலியர் பானை கேட்டனர். அதனை உருக்கிப் படைக்கருவி செய்வர் என அதிகாரிகள் அஞ்சினர். சமைக்கக் கலமில்லாத குடும்பம் சூறையாட வருவதில் வியப்பில்லை என்னும் உண்மை, அவ்விவாதத்தின் ஊடாக வெளிப்படுகின்றது.

அமைதி பெருமளவு நிலைத்தது. அல்தானின் மறைவுக்குப் பின் அதனைக் காத்தவர் அவருடைய துணைவியார். 'மூன்றாம் அம்மையார்' எனச் சீனர் குறிப்பிட்ட அவருக்கு மிங் அரசு 1587இல் சிறப்புப் பட்டம் வழங்கியது. போரினால் பெற முடியாததைச் சந்தை பெற்றுத் தந்தது என்றால் அது மிகையாகாது.

7. இரு தரப்புப் பதிவுகளும் ஆய்வின் எல்லைகளும்

இதே உடன்பாட்டை மங்கோலிய வரலாற்றாசிரியர் எவ்வாறு நோக்கினர்? சாகாங் செச்சென் 1662இல் இயற்றிய வரலாற்று நூல், அல்தானின் ஆற்றலைக் கண்டு அஞ்சிய சீனப் பேரரசரே பட்டமும் முத்திரையும் அளித்து அமைதி வேண்டியதாகக் கூறுகின்றது. ஆக, ஒரே நிகழ்வில் ஒரு தரப்பு பணிவைக் கண்டது; மறுதரப்பு அச்சத்தைக் கண்டது. எந்தத் தரப்பும் அதனை வெறும் வணிகம் எனப் பதிவு செய்ய விரும்பவில்லை. இரு தரப்பினரும் தத்தம் மக்களிடம் பெருமை குன்றாமல் நிற்பதற்கு இவ்விரட்டைப் பொருளே துணைநின்றது எனலாம்.

செரூய்ஸின் ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. அவருடைய சான்றுகளில் மிகப்பெரும்பாலானவை சீன மொழியில் அமைந்தவை. மங்கோலிய நூல்கள் வணிகம் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. அல்தான் கானின் வரலாற்றைக் கூறும் மங்கோலியச் செய்யுள் நூல், செரூய்ஸ் மறைந்த மறு ஆண்டில், அதாவது 1984இல்தான் அச்சேறியது. சந்தை மூடப்பட்டால் போர், திறக்கப்பட்டால் அமைதி என்னும் கருத்தைப் பின்வந்த செச்சின் ஜக்சித், வான் ஜே சைமன்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூலில் பொதுவிதியாகவே விரித்தனர். மேய்ச்சல் நிலச் சமுதாயங்கள் வேளாண் நாடுகளை முற்றாகச் சார்ந்திருந்தன என்னும் கருத்தை நிக்கோலா தி கோஸ்மோ போன்றோர் மறுத்துள்ளனர். அச்சமுதாயங்களிலும் வேளாண்மையும் உலோகத் தொழிலும் இருந்ததை அவர்கள் சுட்டுகின்றனர். தலைவர்களின் அதிகாரப் போட்டிகளையும் போருக்குரிய காரணங்களாகக் கொள்ளவேண்டியுள்ளது. எனவே, வணிகத்தை முதன்மைக் காரணமாகக் கொள்ளலாமேயன்றி, ஒரே காரணமாகக் கொள்வது பொருந்தாது.

8. தமிழ் ஆய்வுக்கு இதன் பயன்

மங்கோலியருக்குப் பயன்படுத்திய அதே 'கோங்' என்னும் சொல்லைச் சீன ஏடுகள் சோழருக்கும் பயன்படுத்தின. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதர்கள் சுங் அரசவைக்குச் சென்றதாக அவை குறிக்கின்றன. 1077இல் சென்ற குழுவுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசுகள் வழங்கப்பட்டன. சொல்லை மட்டும் நோக்கினால், சோழப் பேரரசர் சீனருக்குத் திறை செலுத்தியவராவார். கணக்கை நோக்கினால், அது ஒரு பெரும் வணிகப் பயணமாகத் தோன்றும். மலாக்காவின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். பரமேசுவரா 1411இல் நேரில் யோங்லே பேரரசரின் அவைக்குச் சென்றார். சயாமின் அச்சுறுத்தலுக்கு எதிராகப் பாதுகாப்பும், துறைமுகத்துக்குச் சீனக் கப்பல்களும் அவர் நாடியவை. அடிமைத்தனம் என்றோ, வெறும் மரியாதை என்றோ அதனைச் சுருக்கிவிட முடியாது.

மங்கோலியர் ஆண்ட சீனாவிலேயே தமிழ் வணிகர் வாழ்ந்தனர் என்பதற்குச் சுவான்சோவ் நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். குப்லாய் கான் ஆட்சிக்காலத்துக்குரிய அக்கல்வெட்டு, கானின் நலத்துக்காகச் சிவபெருமான் திருமேனி எழுந்தருளச் செய்யப்பட்டதைக் கூறுகின்றது. வணிகர், தாம் வாழும் நாட்டின் ஆட்சியாளருக்கு மரியாதை செலுத்தித் தம் சமயத்தையும் தொழிலையும் பேணினர். மரியாதையும் ஆதாயமும் அங்கும் இணைந்தே நின்றன.

9. முடிவுரை

செரூய்ஸின் ஆய்வுகள் மூன்று உண்மைகளைத் தெளிவுபடுத்துகின்றன. முதலாவது, எல்லைச் சுவரின் இருபுறத்தாரும் வரைபடம் காட்டுவது போலப் பிரிந்து வாழவில்லை. இரண்டாவது, திறை எனப் பதிவானவற்றுள் பெரும்பகுதி வணிகமே. மூன்றாவது, ஒரு தரப்பு ஏட்டை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால், அத்தரப்பின் பெருமிதமே வரலாறாகிவிடும்.

மேல்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் வரலாறும் இலக்கியமும் கற்பிக்கும் நாம், 'திறை செலுத்தினான்' என்னும் தொடரை எதிர்கொள்ளும்போது மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். இதை எழுதியவர் யார்? பொருள் எத்திசையில் சென்றது? திரும்பி வந்தது என்ன? கல்வெட்டுகளில் நம் மன்னர்கள் பெற்றதாகக் கூறப்படும் திறைகளையும் இவ்வினாக்களுக்கு உட்படுத்துவதே நேர்மையான ஆய்வாகும். பிறர் ஏட்டில் நம்மைப் பற்றிய சொல்லை ஐயுறும் நாம், நம் ஏட்டில் பிறரைப் பற்றிய சொல்லையும் அதே அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.